பெண் குழந்தைக்கு சின்னப் பேர்: முருகன் கதையில் இருந்து சில பெயர்களும் அர்த்தமும்

ஓம் சரவண பவ! 

"பெண் குழந்தைக்கு முருகன் சம்பந்தமா சின்னதா ஒரு பேர் சொல்லுங்க" என்று நம்ம குரூப்பில் மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறாங்க. ஆண் குழந்தைன்னா கவலையே இல்லை. வேலன், குகன், கந்தன், குமரன் என்று வரிசையா வரும். பெண் குழந்தைன்னு வந்தா பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிச்சிடுறோம். இந்தக் கேள்வி சமீபத்தில் என் வீட்டுக்குள்ளேயே வந்துச்சு. அதுக்காகத் தேடிப் படிச்சதை இங்கே எழுதுறேன். பேர் தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

எங்க வீட்டுக் கதை

எங்க ஊர் ஆரணி. என் அக்காவுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சுப் பெண் குழந்தை பிறந்திருக்கு. ஆரணி புதுக்காமூரில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். தசரதர் பிள்ளை வரம் கேட்டு யாகம் செஞ்ச இடம் என்பது தலபுராணம். அக்கா அங்கே போகாத பிரதோஷம் இல்லை. அதனால குழந்தை பிறந்ததும் வீடே கொண்டாட்டமா இருந்துச்சு. பேர் வைக்கிற பேச்சு வந்ததும் சண்டையும் ஆரம்பிச்சுது.

குழந்தை ரோகிணி நட்சத்திரம், இரண்டாம் பாதம். பஞ்சாங்கப்படி "வ" எழுத்து. எங்க வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில் குழந்தையை வச்சு, காதுல மூணு தடவை பேர் சொல்லணும். தாய்மாமன் நான்தான். நான் சொல்லப்போற பேர் என்னன்னு எனக்கே தெரியாது!

அக்கா ஒரு பேர் அனுப்பினா. நெட்ல ஒரு லிஸ்ட்ல இருந்து எடுத்தது. சின்னப் பேர், கேட்க நல்லா இருந்துச்சு. அர்த்தம் "முருகனின் தேவி" என்று போட்டிருந்தது. எல்லாருக்கும் பிடிச்சுது. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். ஆபீஸ்ல யாராவது ஒரு வரி கோட் எழுதினாலே "இது எங்கே இருந்து வந்தது?"ன்னு கேட்கிற வேலை என்னுது. ஆயுசு முழுக்க ஒரு பிள்ளை சுமக்கப்போற பேருக்கு அந்தக் கேள்வியைக் கேட்காம விட முடியுமா? தேடினேன். தமிழ் அகராதியிலும் இல்லை, சமஸ்கிருத அகராதியிலும் இல்லை. லிஸ்ட் லிஸ்ட்டா ஒரே அர்த்தம் காப்பி ஆகியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பேரை இங்கே எழுதலை. அந்தப் பேரில் குழந்தைகள் இருக்காங்க, அவங்க மனசு கஷ்டப்பட வேணாம்.

பேரோட அர்த்தத்தைச் சரிபார்ப்பது எப்படி?

மூணு விஷயம் போதும்.

1. தமிழ்ப் பேர்ன்னா சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் பாருங்க. 1924 முதல் 1936 வரை பகுதி பகுதியா வந்த பெரிய அகராதி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாத் தேடலாம்.

2. வடமொழிப் பேர்ன்னா மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் பாருங்க. 1899 பதிப்பை ஜெர்மனியில் இருக்கிற கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் வச்சிருக்கு.

3. ரெண்டிலும் இல்லைன்னா வேற மொழியா இருக்கலாம். அது தப்பு இல்லை, ஆனா தெரிஞ்சு வைக்கணும். உதாரணமா "கியாரா" என்பது இத்தாலியப் பேர். ஒளி, தெளிவு என்று அர்த்தம் வரும் லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. "மியா" பல ஐரோப்பிய நாடுகளில் மரியா என்ற பேரோட சுருக்கம். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு "என்னுடையது" என்றும் பொருள். நல்ல பேர்தான். "இது லட்சுமியோட பேர்"ன்னு எழுதி வச்சாத்தான் பிரச்சினை.

இப்போ முருகன் கதைக்குள்ளே போவோம். சின்னப் பேர் எத்தனை இருக்குன்னு பாருங்க.

வள்ளி

எழுதினா மூணு எழுத்து, கூப்பிட்டா ரெண்டே அசை. வள்ளி என்றால் கொடி. குறிப்பா, மண்ணுக்கு அடியில் கிழங்கு விடுகிற கொடி. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அர்ச்சகரா இருந்த கச்சியப்ப சிவாச்சாரியார் பாடிய கந்தபுராணத்தில், வேடர் தலைவன் நம்பி இந்தக் குழந்தையைக் கண்டெடுப்பது வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில். அதனாலதான் அந்தப் பேர். கந்தபுராணம் முடிவதே வள்ளியம்மை திருமணத்தோடதான். அந்தக் கதை நடந்ததாகச் சொல்லும் வள்ளிமலை நமக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஆரணியில் இருந்து வேலூர் போய், அங்கிருந்து பொன்னை பக்கம் போனா மலை தெரியும்.

கந்தபுராணத்துக்கும் ரொம்ப முன்னாடியே, சங்க இலக்கியமான நற்றிணையில் முருகனோடு சேர்த்து வள்ளி பேசப்படுறா. அப்படின்னா இது குறைஞ்சது 1,500 வருஷத்துக்கும் மேலா புழக்கத்தில் இருக்கிற பேர்.

இன்னொரு விஷயம். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் தாண்டி வந்த கிழங்குகள். வந்த கிழங்குக்கும் நம்ம ஆட்கள் வச்ச பேர் வள்ளிதான்!

"பழைய பேரா இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ஒரு காலத்துல வீட்டுக்கு வீடு "லதா" என்று பேர் வச்சாங்க. லதா என்றால் வடமொழியில் கொடி. அதே அர்த்தம்தான்.

தேவி, சேனா (தெய்வானை)

மூலப் பேர் தேவசேனா. தேவர்களின் சேனை என்று பொருள். தமிழில் அது தெய்வயானை ஆகி, பேச்சில் தெய்வானை ஆச்சு. ஐராவதம் என்ற வெள்ளை யானை வளர்த்த பிள்ளை என்று கந்தபுராணம் சொல்றதால "யானை" பொருத்தமா வந்து சேர்ந்துக்கிச்சு. திருமணம் நடந்த இடம் திருப்பரங்குன்றம். விசாக நட்சத்திரத்துக்கு தி, து, தே, தோ என்ற எழுத்துகள் வரும். முருகனுக்கு உகந்த விசாகத்தில் மூணாம் பாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு தெய்வானை அருமையான பேர். சின்னதா வேணும்னா தேவி.

வள்ளியும் தெய்வானையும் முற்பிறவியில் திருமாலின் மகள்கள், சுந்தரவல்லி, அமிர்தவல்லி என்பது கந்தபுராணக் கதை. அதில் இருந்து சுந்தரி, அமிர்தா என்றும் எடுத்துக்கலாம்.

உமா

ரெண்டே எழுத்து. முருகனின் அம்மா. காளிதாசர் குமாரசம்பவத்தில் இந்தப் பேருக்கு ஒரு விளக்கம் கொடுக்கிறார். தவம் செய்யக் கிளம்பிய மகளைப் பார்த்துத் தாய் மேனை, "உ, மா" (அம்மா, வேண்டாம்) என்று தடுத்தாளாம். அதுவே பேராச்சு. வடமொழியில் "உமா" என்பதற்கு ஆளிவிதைச் செடி என்றும் பொருள் உண்டு. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அ, இ, உ, எ எழுத்துகள் வரும். கார்த்திகை மூணாம் பாதக் குழந்தைக்கு உமா அப்படியே பொருந்தும்.

கார்த்திகா, கிருத்திகா, ஆரல்

ஆறுமுகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு கார்த்திகைப் பெண்கள் வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டம். ஜப்பான்காரங்க அதே கூட்டத்தை சுபாரு என்கிறாங்க. சுபாரு கார் லோகோவில் இருக்கிற ஆறு நட்சத்திரமும் அதுதான். பழந்தமிழில் இதுக்கு "ஆரல்" என்று ஒரு பேர் உண்டு. சொல்லும்போதே எவ்வளவு அழகு! ஆனா ஆரல் என்று ஒரு மீனும் இருக்கு. வைக்கிறதுக்கு முன்னாடி அதையும் யோசிச்சுக்கோங்க.

மயில், மயூரி

மயூரி என்றால் பெண்மயில். தமிழில் இருக்கிற மயில் என்ற சொல்தான் வடமொழிக்குப் போய் மயூரம் ஆச்சு என்று மொழியியலாளர்கள் பலர் கருதுறாங்க. அப்படிப் பார்த்தா மயில் என்றே கூப்பிடலாமே. "16 வயதினிலே" படத்துல வர்ற மயிலை யாராவது மறந்திருக்கோமா?

சக்தி

அம்மா கையால் முருகன் வாங்கிய வேலுக்கே சக்திவேல் என்றுதான் பேர். வள்ளி இச்சாசக்தி, தெய்வானை கிரியாசக்தி, வேல் ஞானசக்தி என்று பெரியவங்க சொல்வாங்க. மூணுக்கும் பொதுவான சொல் இது.

குறிஞ்சி

முருகனின் நிலம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தது. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936-ல் கட்டியவர் ஒரு பெண்மணி, லீலாவதி ராமநாதன். வெளிநாட்டில் பிறந்து நம்ம சமயத்துக்கு வந்தவர்.

நெசவாளர் வீட்டுப் பேர்கள்: பவளம், முத்து, மரகதம்

இது ஆரணிக்காரனா எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. பார்வதியின் சிலம்பில் இருந்து சிதறிய நவமணிகள் ஒன்பது பெண்களாச்சு என்பது கந்தபுராணம். மாணிக்கவல்லி, மரகதவல்லி, பவளவல்லி, வைரவல்லி என்று எல்லாப் பேரும் "வல்லி" என்றே முடியும். இந்த வல்லியும் கொடிதான், வடமொழிச் சொல். அந்த ஒன்பது பேருக்குப் பிறந்தவங்கதான் முருகனின் படையில் நின்ற வீரபாகு முதலான நவவீரர்கள். நெசவுத் தொழில் செய்யும் செங்குந்தர்கள் நவவீரர்களைத் தங்கள் முன்னோர்களாகச் சொல்வாங்க. குந்தம் என்றால் ஈட்டி.

நம்ம ஊர்த் தெருக்களில் மரகதம், பவளம், ரத்தினம் என்று பாட்டிகள் நிறைய இருக்காங்க. அவங்க பேர் எல்லாம் "ஓல்டு ஸ்டைல்" என்று நினைச்சிருந்தேன். முருகன் படையோட அம்மாக்கள் பேர்னு இப்பதான் புரியுது.

ரேணு

கடைசியா நம்ம வட்டாரத்துப் பேர் ஒண்ணு. படவேடு ரேணுகாம்பாள் இந்தப் பக்கம் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். ரேணு என்றால் மண்துகள், பூவின் மகரந்தத் தூள் என்று பொருள். தூசி என்ற அர்த்தத்தைப் பார்த்து வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்க. அந்தத் துகள் இல்லாம பூ காய் ஆகாதுன்னு அவங்களுக்குச் சொல்லுங்க.

ஆயா வேணாம்னு சொன்னாங்க

இவ்வளவும் படிச்சு முடிச்சு வீட்டுக்கு வந்தேன். "வ" எழுத்து, முருகன் பேர், சின்னப் பேர். மூணுக்கும் சேர்த்துப் பொருந்துறது வள்ளிதான். அதுவும் எங்க ஆயா பேர் வள்ளியம்மாள். இதைவிட என்ன வேணும்னு நினைச்சேன்.

அக்காவுக்குப் பாதி மனசு. மாமா "ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களோ"ன்னு இழுத்தார். நான் எதிர்பார்க்காத எதிர்ப்பு ஆயாகிட்ட இருந்து வந்துச்சு.

"அந்தப் பேரு மட்டும் வேணாம்டா."

ஏன் ஆயான்னு கேட்டேன்.

"எனக்கு ஏழு வயசுல ராட்டை முன்னாடி உட்கார வச்சாங்க. வள்ளி, தார் சுத்தியாச்சா? வள்ளி, பாவு அறுந்துடுச்சு பாரு. வள்ளி, தண்ணி எடுத்தா. ஒருநாள்கூட அந்தப் பேரை ஆசையா யாரும் கூப்பிட்டதா ஞாபகமே இல்ல. வேலை ஏவுறதுக்குத்தான் கூப்பிட்டாங்க. அந்தப் பேரு புள்ளைக்கு எதுக்கு?"

எனக்குப் பதில் வரலை. தறிச் சத்தத்துக்கு நடுவுலயே வளர்ந்தவன் நான். எனக்கு ஃபீஸ் கட்டினது அந்தத் தறிதான். ஆயாவோட விரல்ல இருக்கிற தழும்பைத் தினமும் பார்த்திருக்கேன். ஆனா அவங்க பேர் அவங்க காதுக்கு எப்படிக் கேட்டுச்சுன்னு ஒருநாளும் யோசிச்சதில்ல. அகராதியில் வள்ளிக்குக் கொடின்னு போட்டிருக்கு. ஆயாவுக்கு அந்தப் பேரோட அர்த்தம் வேலை.

நான் கட்டாயப்படுத்தலை. வேற பேர் பார்க்கலாம்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருந்தப்ப, நான் படிச்ச வள்ளி கதையை அக்காகிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆயா நடுவுல புகுந்து திருத்த ஆரம்பிச்சாங்க. விடிய விடிய வள்ளி திருமணம் கூத்து பார்த்தவங்க அவங்க. தினைக் காவல், பரண் மேல நின்னு குருவி ஓட்டுறது, வேடனா வந்து, வேங்கை மரமா நின்னு, கிழவனா வந்து முருகன் ஆடுற ஆட்டம், யானை வந்ததும் வள்ளி பயப்படுறது, எல்லாத்தையும் கை ஆட்டிச் சொன்னாங்க. திடீர்னு நிறுத்தினாங்க.

"அவளும் வேலை பார்த்தவதான் இல்ல? நாள் முழுக்கக் குருவி ஓட்டுறது சும்மாவா! கோயிலுக்குப் போய்ப் பார்க்கக்கூட நேரம் கெடச்சிருக்காது. சாமியே அவ வேலை பார்க்குற எடத்துக்குத் தேடிக்கிட்டு வந்துச்சு."

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஆயா சொன்னாங்க: "வைக்கிறதுன்னா வைங்க. ஆனா ஒண்ணு. வேலை சொல்றதுக்கு அந்தப் பேரைக் கூப்பிடக் கூடாது. கொஞ்சுறதுக்குத்தான் கூப்பிடணும். புள்ளைய நல்லா படிக்க வைக்கணும்."

மாமா அப்பவே சரின்னுட்டார்.

இத்தனை நாள் தேடினதில் எனக்குப் புரிஞ்சது இதுதான் நண்பர்களே. பேருக்கு ரெண்டு அர்த்தம் உண்டு. ஒண்ணு அகராதியில் இருக்கு, அதைக் கட்டாயம் சரிபாருங்க. இன்னொண்ணு நாம அந்தப் பேரை எப்படிக் கூப்பிடுறோம் என்பதில் இருக்கு. அதை எந்த லிஸ்ட்டும் தராது. உங்க வீட்டுப் பெரியவங்க பேரை வைக்கப் போறீங்கன்னா, முதல்ல அவங்ககிட்டப் போய் அந்தப் பேரோட எப்படி வாழ்ந்தாங்கன்னு கேளுங்க.

பேர் முடிவானதும் மறக்கக் கூடாதது

* பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யணும். பேர் முடிவாகலைன்னாலும் பதிவு பண்ணிடலாம், பேரை அப்புறம் சேர்க்கலாம்.
* பேர் சேர்க்க முதல் 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. அதுக்கு அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். தள்ளிப் போடாதீங்க. ஸ்கூல் அட்மிஷன் நேரத்துல அலைய வேண்டி வரும்.
* தமிழ் எழுத்தை நீங்களே எழுதிக் கொடுத்து, சான்றிதழில் சரியா வந்திருக்கான்னு பாருங்க. ஆங்கிலத்தில் வள்ளியும் வல்லியும் ஒரே மாதிரிதான் வரும். தமிழில் மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.
* ஆங்கில ஸ்பெல்லிங்கை முதல் நாளே முடிவு பண்ணுங்க. ஆதார், ஸ்கூல், பாஸ்போர்ட் எல்லாத்திலும் அதே இருக்கணும். எண் கணிதத்துக்காக நடுவுல ஒரு எழுத்தைச் சேர்த்தா, அந்தப் பிள்ளை காலம் முழுக்க ஃபார்ம்ல விளக்கம் எழுதிக்கிட்டே இருக்கும்.

அந்த நாள்

போன வெள்ளிக்கிழமை பேர் வச்சோம். சஷ்டி கவசம் சொல்லி, குழந்தையை மடியில் வாங்கி, காதுல மெதுவா மூணு தடவை சொன்னேன். அது தூங்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் எல்லாரும் ஒருமுறை சத்தமா கூப்பிடணும்னு அம்மா சொன்னாங்க. எல்லாரும் சேர்ந்து "வள்ளி!"ன்னு கூப்பிட்டோம்.

பின்னாடி சமையக்கட்டில் இருந்து, "என்னாடா?"ன்னு ஒரு குரல் வந்துச்சு. ஆயா!

வீடே சிரிச்சுது. ஆயா வெளியே வந்து, விஷயம் புரிஞ்சு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க. யோசிச்சுப் பார்த்தா, தாத்தா போன பிறகு எங்க வீட்டுல அவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எல்லாருக்கும் ஆயாதான். இப்போ ஒரு நாளைக்கு நூறு தடவை வீட்டுல "வள்ளி, வள்ளி"ன்னு கொஞ்சுற சத்தம் கேட்குது. ஒவ்வொரு தடவையும் அவங்களும் திரும்பிப் பார்க்கிறாங்க.

உங்க வீட்டுல முருகன் பேர் வச்ச பெண் குழந்தை இருந்தா, அந்தப் பேரையும் யார் வச்சாங்க என்பதையும் குரூப்பில் சொல்லுங்க. பேர் தேடிக்கிட்டு இருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!